அகத்தி முதல் போர்ட் பிளேர் வரை: இரு தீவு விமான நிலையங்களின் வான்வழித் தூரத்தைக் கணக்கிட முழுமையான வழிகாட்டி

நீலகிரிக்கு மேற்கே, அரபிக்கடலில் லட்சத்தீவின் அகத்தி. கிழக்கே, வங்கக்கடலைத் தாண்டினால் அந்தமானின் போர்ட் பிளேர். இரண்டிலும் விமான நிலையம் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே வான்வழித் தூரம் எவ்வளவு? கருவிக்குக் கருவி விடை மாறும். 2,243 கி.மீ. என்று வரலாம், 2,246 என்று வரலாம், கடல் மைலில் 1,211 என்று வரலாம். டிக்கெட் எடுத்துப் போய்ச் சேர நினைத்தால் 2,350 கி.மீட்டருக்கு மேல் பறக்க வேண்டியிருக்கும். இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்கான விடை.

திரையில் வரும் எண்ணைப் படித்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். ஒருமுறையாவது கையால் போட்டுப் பாருங்கள். பள்ளி முக்கோணவியலும் ஒரு சயின்டிபிக் கால்குலேட்டரும் போதும். ஊட்டியிலும் கோத்தகிரியிலும் கூடலூரிலும் அட்சரேகை, தீர்க்கரேகை என்று மனப்பாடம் செய்து தேர்வெழுதும் பிள்ளைகளுக்கு அந்தக் கோடுகள் எதற்கு என்று காட்ட இதைவிட நல்ல கணக்கு எனக்குத் தெரியவில்லை. இந்த இரண்டு தீவுகளை எடுத்துக்கொண்டதற்கும் காரணம் உண்டு. இவற்றை இணைக்கும் கோடு நம் நீலகிரி மலையின் அடிவாரத்தை ஒட்டித்தான் போகிறது. எந்த இடத்தில் என்பதையும் கணக்கிட்டே கண்டுபிடிப்போம்.

படி 1: புள்ளியைச் சரியாகப் பிடியுங்கள்

ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். கொழும்பு என்று தேடினால் நகரத்தின் நடுப்பகுதி வரும். விமானம் இறங்குவதோ அதற்கு வடக்கே முப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கட்டுநாயக்கவில். மாலத்தீவின் தலைநகரான மாலே ஒரு தீவு, அதன் விமான நிலையம் இருப்பது பக்கத்திலுள்ள ஹுல்ஹுலே தீவில். 2018-இல் பாலம் திறக்கும்வரை இடையே படகில்தான் போக வேண்டியிருந்தது. நூறு, இருநூறு கிலோமீட்டர் இடைவெளியுள்ள தீவுகளுக்குக் கணக்குப் போடும்போது இந்தப் பிழை விடையையே கெடுத்துவிடும்.

பெயர்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன. போர்ட் பிளேர் நகரத்துக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. விமான நிலையத்துக்கு வீர் சாவர்க்கர் பெயர். ஆகவே குறியீட்டை வைத்துத் தேடுவதே நல்லது. பயணச்சீட்டிலும் பெட்டியில் ஒட்டும் சீட்டிலும் இருக்கும் மூன்றெழுத்துக் குறியீடு போர்ட் பிளேருக்கு ஐ.எக்ஸ்.இசட்., அகத்திக்கு ஏ.ஜி.எக்ஸ். விமானிகளும் கட்டுப்பாட்டு மையங்களும் பயன்படுத்தும் நான்கெழுத்துக் குறியீடு வேறு. போர்ட் பிளேருக்கு அது வி.ஓ.பி.பி., அகத்திக்கு வி.ஓ.ஏ.டி. முதலில் வரும் வி.ஓ. என்ற இரண்டு எழுத்தும் தென்னிந்தியப் பகுதியைக் குறிப்பவை. கோவை, சென்னை, கொச்சி விமான நிலையங்களின் நான்கெழுத்துக் குறியீடும் அப்படித்தான் தொடங்குகிறது.

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் அதிகாரபூர்வமான குறிப்புப் புள்ளி ஒன்று உண்டு. பெரும்பாலும் ஓடுபாதையின் நடுப்பகுதியை ஒட்டியிருக்கும். நமக்கு வேண்டியது அதுதான்:

அகத்தி: வடக்கு 10 பாகை 49 நிமிடம் 25 வினாடி, கிழக்கு 72 பாகை 10 நிமிடம் 35 வினாடி.
போர்ட் பிளேர்: வடக்கு 11 பாகை 38 நிமிடம் 28 வினாடி, கிழக்கு 92 பாகை 43 நிமிடம் 47 வினாடி.

அட்சரேகையில் ஒரு வினாடி என்பது தரையில் சுமார் 31 மீட்டர். நம் கணக்குக்கு இந்த நுட்பம் போதும், அதிகம் என்றுகூடச் சொல்லலாம்.

படி 2: பாகையைத் தசமமாக்குங்கள்

நிமிடத்தை 60-ஆல் வகுங்கள், வினாடியை 3,600-ஆல் வகுங்கள், இரண்டையும் பாகையோடு கூட்டுங்கள். போர்ட் பிளேரின் அட்சரேகைக்கு 38 ÷ 60 = 0.6333, 28 ÷ 3,600 = 0.0078. கூட்டினால் 11.6411. மற்றவற்றையும் இப்படிச் செய்தால்:

அகத்தி: 10.8236, 72.1764
போர்ட் பிளேர்: 11.6411, 92.7297

நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருக்கும் இடமானால் அட்சரேகைக்கு முன்னால் கழித்தல் குறி போட வேண்டும். நம்முடைய இரண்டு தீவுகளும் வடக்கே இருப்பதால் இப்போது அந்தக் கவலை இல்லை. மாலத்தீவுக்குப் போகும்போது வரும்.

படி 3: முதலில் ஒரு தோராயம்

நுட்பமான கணக்குக்குப் போகும் முன் விடை எந்த அளவில் வரும் என்று தெரிந்துகொள்ளுங்கள். தோராயம் கையில் இல்லாதவருக்குக் கால்குலேட்டர் என்ன காட்டினாலும் சரியாகத்தான் தோன்றும்.

பள்ளியில் உலக உருண்டை இருந்தால் ஒரு தையல் நூலை எடுத்துக்கொள்ளுங்கள். 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டையில் ஒரு செ.மீ. என்பது சுமார் 425 கி.மீ. அகத்தியில் ஒரு முனையை விரலால் அழுத்திக்கொண்டு, அந்தமான்வரை நூலை இறுக்கிப் பிடியுங்கள். இறுக்கிப் பிடித்த நூல் தானாகவே மிகக் குறுகிய வழியில்தான் படியும். அந்த வழிக்குப் பெருவட்டம் என்று பெயர். விரல் வைத்த இடத்தில் நூலைக் கிள்ளி அளவுகோலில் வைத்தால் 5.3 செ.மீ. அளவில் வரும். 425-ஆல் பெருக்கினால் 2,250. நூலும் அளவுகோலும் மட்டும் கொண்டு இந்த அளவுக்கு நெருங்கிவிடலாம்.

கணக்காகவும் தோராயம் போடலாம். தீர்க்கரேகை வேறுபாடு 92.7297 − 72.1764 = 20.5533 பாகை. அட்சரேகை வேறுபாடு 0.8175 பாகை. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்குவதால், 20.5533-ஐச் சராசரி அட்சரேகையான 11.23 பாகையின் காஸ் மதிப்பால் பெருக்க வேண்டும். 20.5533 × 0.9809 = 20.16. பிறகு பிதாகரஸ் தேற்றம்தான். 20.16-இன் வர்க்கத்தையும் 0.8175-இன் வர்க்கத்தையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 20.18 பாகை. ஒரு பாகைக்கு 111.195 கி.மீ. என்று பெருக்கினால் 2,244 கி.மீ.

படி 4: பெருவட்டக் கணக்கு

கால்குலேட்டர் பாகை முறையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சைன் 30 என்று அழுத்தினால் 0.5 வர வேண்டும். வேறு எது வந்தாலும் பாகை முறையில் இல்லை, மாற்றிவிடுங்கள். செல்போனிலுள்ள கால்குலேட்டர் என்றால் போனைப் படுக்கைவாக்கில் திருப்பினால் பெரும்பாலும் சைன், காஸ் பொத்தான்கள் வரும்.

சூத்திரம் இது:

காஸ்(கோணம்) = சைன்(அட்சம் 1) × சைன்(அட்சம் 2) + காஸ்(அட்சம் 1) × காஸ்(அட்சம் 2) × காஸ்(தீர்க்கரேகை வேறுபாடு)

இங்கே கோணம் என்பது பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே விரியும் கோணம். மதிப்புகளை இடுவோம்:

சைன் 10.8236 = 0.18779
சைன் 11.6411 = 0.20178
காஸ் 10.8236 = 0.98221
காஸ் 11.6411 = 0.97943
காஸ் 20.5533 = 0.93635

முதல் பகுதி 0.18779 × 0.20178 = 0.03789. இரண்டாம் பகுதி 0.98221 × 0.97943 × 0.93635 = 0.90077. கூட்டினால் 0.93866. எதிர்மாறு காஸ் எடுத்தால் கோணம் 20.172 பாகை.

பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. அதன்படி ஒரு பாகைக்கு 111.195 கி.மீ. ஆக 20.172 × 111.195 = 2,243 கி.மீ. கடல் மைல் வேண்டுமானால் 1.852-ஆல் வகுங்கள்: 1,211. விமானிகளின் கணக்கு கடல் மைலில்தான் நடக்கிறது. அது அட்சரேகையின் ஒரு நிமிட அளவிலிருந்து பிறந்த அலகு. அதனால்தான் பாகைக் கணக்கோடு இவ்வளவு எளிதாகப் பொருந்துகிறது.

இடையில் வரும் எண்களை ஐந்து தசம இடத்துக்காவது வைத்துக்கொள்ளுங்கள். தீவுகள் மிக அருகில் இருந்தால், அதாவது பத்து, இருபது கிலோமீட்டர் என்றால், இந்தச் சூத்திரத்தில் கோணத்தின் காஸ் மதிப்பு 1-ஐ ஒட்டி வந்து நுட்பம் கெட்டுவிடும். அங்கே ஹேவர்சைன் என்ற சூத்திரத்தையோ மூன்றாம் படியின் தோராயத்தையோ பயன்படுத்துங்கள். இணையக் கருவிகள் பலவும் ஹேவர்சைனையே பயன்படுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 5: 2,243-ஆ, 2,246-ஆ?

பூமி முழு உருண்டை இல்லை. நிலநடுக்கோட்டில் அதன் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ. நம்முடைய கோடு நிலநடுக்கோட்டுக்கு அருகில் கிழக்கு மேற்காக ஓடுவதால், சராசரி ஆரத்தைவிடச் சற்றுப் பெரிய வளைவில் போகிறது. அதைக் கணக்கில் எடுத்தால் ஏறத்தாழ 3 கி.மீ. கூடி 2,246 ஆகிறது. ஜி.பி.எஸ். பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற பூமி மாதிரியில் கணக்கிடும் கருவிகள் இந்த எண்ணைத்தான் தரும். பள்ளிக் கணக்குக்கு 2,243 போதும். ஆனால் இரண்டு கருவிகள் சிறிதளவு வேறுபட்டால் எது தவறு என்று தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

படி 6: கோடு எந்த ஊர் வழியாகப் போகிறது?

பெரும்பாலான வழிகாட்டிகள் தூரம் வந்ததும் நின்றுவிடுகின்றன. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. ஏதாவது ஒரு தீர்க்கரேகையில் பெருவட்டக் கோடு எந்த அட்சரேகையில் இருக்கும் என்பதையும் கணக்கிட முடியும்:

டேன்(அட்சம்) = [டேன்(அட்சம் 1) × சைன்(இரண்டாம் ஊர்வரை மீதித் தீர்க்கரேகை) + டேன்(அட்சம் 2) × சைன்(முதல் ஊரிலிருந்து கடந்த தீர்க்கரேகை)] ÷ சைன்(மொத்தத் தீர்க்கரேகை வேறுபாடு)

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் சாலை 76.95 தீர்க்கரேகையை ஒட்டிச் செல்கிறது. அதையே எடுத்துக்கொள்வோம். மீதி 15.7797 பாகை, அதன் சைன் 0.27194. கடந்தது 4.7736 பாகை, அதன் சைன் 0.08322. டேன் 10.8236 = 0.19119, டேன் 11.6411 = 0.20602, சைன் 20.5533 = 0.35108. கணக்கை முடித்தால் 0.1969. எதிர்மாறு டேன் எடுத்தால் 11.14 பாகை.

வரைபடத்தை எடுத்து 11.14 வடக்கு, 76.95 கிழக்கு எங்கே என்று பாருங்கள். பெரியநாயக்கன்பாளையத்தை ஒட்டி வருகிறது. ஊட்டியிலிருந்தோ குன்னூரிலிருந்தோ பஸ்ஸில் கோவைக்கு இறங்கும் ஒவ்வொருவரும், மேட்டுப்பாளையமும் காரமடையும் தாண்டிய பிறகு, லட்சத்தீவையும் அந்தமானையும் இணைக்கும் இந்தக் கோட்டைக் குறுக்கே கடக்கிறோம். அதற்கு மேற்கே கோடு அட்டப்பாடிப் பள்ளத்தாக்கின் மேல் செல்கிறது. குன்னூர் லேம்ஸ்ராக்கில் நின்று தெளிவான காலையில் தெற்கே பார்த்தால், காலடியில் விரியும் கோவைச் சமவெளிக்குள் சுமார் 25 கி.மீ. தொலைவில் அது ஓடுகிறது.

இப்போது அதே இரண்டு தீவுகளைச் சுவரில் மாட்டும் தட்டை வரைபடத்தில் அளவுகோல் வைத்து இணையுங்கள். 77 பாகையை ஒட்டி அந்தக் கோடு கோவை விமான நிலையத்தின் மேலேயே போகும். உண்மையான பெருவட்டமோ அதற்கு 13 கி.மீ. வடக்கே. வங்கக்கடல் நடுவில் இந்த விலகல் 20 கி.மீ. அளவுக்குப் போகிறது. ஆனால் மூன்றாம் படியில் கிடைத்த தோராயத் தூரத்துக்கும் நான்காம் படியில் கிடைத்த நுட்பமான தூரத்துக்கும் வித்தியாசம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. நிலநடுக்கோட்டுக்கு அருகே தூரம் அவ்வளவாக மாறாது, பாதைதான் மாறும். தட்டை வரைபடத்தில் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகும் விமானப் பாதைகள் வில்லாக வளைவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். அங்கே வடக்கே போகப் போக வளைவு பெருகுகிறது, தூரமும் நூற்றுக்கணக்கில் மிச்சமாகிறது. நம் பக்கத்துத் தீவுகளுக்கு அந்த லாபம் கிடையாது.

இன்னொன்றையும் போட்டுப் பாருங்கள். அகத்தியிலிருந்து ஊட்டிக்கு 498 கி.மீ. ஊட்டியிலிருந்து போர்ட் பிளேருக்கு 1,746 கி.மீ. கூட்டினால் 2,244. நேர்க்கோட்டிலிருந்து முப்பது கிலோமீட்டர் விலகி ஊட்டிக்கு மேலே பறந்து போனாலும் கூடுவது ஏறத்தாழ ஒரே கிலோமீட்டர். நீண்ட பயணத்தில் சிறிய விலகலுக்கு விலை மிகக் குறைவு. வான்வழிகள் ஒரு குறிப்புப் புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு உடைந்த கோடுகளாகப் போனாலும் எரிபொருள் கணக்கு பெரிதாகக் கெடாமல் இருப்பது இதனால்தான்.

படி 7: காகிதத் தூரத்திலிருந்து உண்மைப் பயணத்துக்கு

அகத்திக்கும் போர்ட் பிளேருக்கும் நேரடி விமானம் கிடையாது. காரணம் தூரத்தையும் ஓடுபாதையையும் சேர்த்துப் பார்த்தால் விளங்கும். அகத்தி ஓடுபாதையின் நீளம் சுமார் 1,200 மீட்டர்தான். இருபுறமும் கடல், நீட்டுவதற்கு நிலமில்லை. அங்கே இறங்குவது ஏ.டி.ஆர். போன்ற, சுழல்விசிறி கொண்ட சிறிய விமானங்கள். ஏ.டி.ஆர். 72 முழுப் பயணிகளோடு சுமார் 1,500 கி.மீ. பறக்கும். 2,243 அதற்கு எட்டாது. அந்தத் தூரத்தை எளிதாகக் கடக்கும் ஏர்பஸ் ஏ320 வகைக்கு அகத்தி ஓடுபாதை போதாது. போர்ட் பிளேரில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே கடற்படையோடு பகிர்ந்துகொள்ளும் ஓடுபாதை 3,000 மீட்டருக்கும் மேல்.

ஆகவே உண்மையான வழி அகத்தி, கொச்சி, சென்னை, போர்ட் பிளேர் என்று உடைகிறது. ஒவ்வொரு துண்டையும் மேலே சொன்ன முறையில் கணக்கிடுங்கள். அகத்தி–கொச்சி 468, கொச்சி–சென்னை 518, சென்னை–போர்ட் பிளேர் 1,372. மொத்தம் 2,358 கி.மீ. நேர்த்தூரத்தைவிட 115 கி.மீ., அதாவது நூற்றுக்கு ஐந்துதான் கூடுதல். பயணத்தை நீட்டுவது இந்தக் கிலோமீட்டர்கள் அல்ல, இடையில் காத்திருக்கும் மணிநேரங்கள். டிக்கெட் பார்க்கும்போது தூரத்தைவிட அடுத்த விமானத்தின் நேரத்தைக் கவனியுங்கள்.

பறக்கும் நேரத்துக்கு ஒரு கைக்கணக்கு: ஏ320 வகை என்றால் தூரத்தை 830-ஆல் வகுங்கள், ஏ.டி.ஆர். என்றால் 500-ஆல். அதோடு தரையில் ஊர்வதற்கும் ஏறி இறங்குவதற்கும் அரை மணி சேருங்கள். சென்னை–போர்ட் பிளேருக்கு 1,372 ÷ 830 = 1.65 மணி. அரை மணி சேர்த்தால் இரண்டேகால் மணிக்குச் சற்றுக் குறைவு. கால அட்டவணையில் இருப்பதும் ஏறத்தாழ அதுதான்.

காற்றும் கணக்கில் வரும். ஜூன் முதல் செப்டம்பர்வரை, நம் மலையில் தென்மேற்குப் பருவமழை கொட்டும் காலத்தில், கீழே காற்று மேற்கிலிருந்து வீசுகிறது. விமானங்கள் பறக்கும் உயரத்திலோ தென்னிந்தியாவின் மேல் கிழக்கிலிருந்து மேற்காக வலுவான காற்றோட்டம் ஓடுகிறது. அந்த மாதங்களில் அந்தமானுக்குப் போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று. அவலாஞ்சியில் மரத்தைச் சாய்க்கும் காற்றை வைத்து மேலே இருக்கும் காற்றின் திசையை முடிவு செய்துவிடாதீர்கள்.

மலையிலிருந்து கிளம்புகிறவர்களுக்குக் கோவை விமான நிலையம்தான் வாசல். பருவமழையில் மலைப்பாதையில் மண் சரிந்தால் போக்குவரத்து நின்றுவிடும். காலை விமானமென்றால் முந்தின நாளே சமவெளிக்கு இறங்கிவிடுவதுதான் என் அறிவுரை. லட்சத்தீவுக்கு வெளியிலிருந்து போகும் இந்தியர்களுக்கும் நுழைவு அனுமதி வேண்டும். டிக்கெட்டுக்கு முன் அதைப் பாருங்கள். போர்ட் பிளேருக்கு இந்தியர்களுக்கு அனுமதி தேவையில்லை.

நீங்களே போட்டுப் பார்க்க இரண்டு கணக்குகள்

முதலாவது, மாலத்தீவுக்குள்ளேயே மாலேயிலிருந்து கன் தீவு வரை. மாலே விமான நிலையம் வடக்கு 4.1917, கிழக்கு 73.5292. கன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருக்கிறது: தெற்கு 0.6933, கிழக்கு 73.1556. கழித்தல் குறியைப் போட்டுக் கணக்கிட்டால் 545 கி.மீ. வரும். குறியை விட்டுவிட்டால் 391 வரும், 150 கி.மீ. காணாமல் போய்விடும். இந்தக் கோடு வடக்கு தெற்காக ஓடுவதால், பூமியின் உண்மை வடிவத்தைக் கணக்கில் எடுத்தால் தூரம் கூடாது, ஏறத்தாழ 3 கி.மீ. குறைந்து 542 ஆகும். ஐந்தாம் படியில் கண்டதற்கு இது நேர் எதிர். நிலநடுக்கோட்டருகே வடக்கு தெற்காக ஒரு பாகை 110.6 கி.மீ., கிழக்கு மேற்காக 111.3 கி.மீ. என்பதே காரணம்.

இரண்டாவது, கட்டுநாயக்கவிலிருந்து மாலே வரை. 1964-இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் ஏராளம். கட்டுநாயக்க என்ற பெயரைச் சொன்னால் தெரியாதவர்கள் அந்த வீடுகளில் குறைவு. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது இந்தக் கணக்கையே கொடுங்கள். கட்டுநாயக்க வடக்கு 7.1808, கிழக்கு 79.8841. மாலேயின் எண்கள் மேலே இருக்கின்றன. சரியாகப் போட்டால் 778 கி.மீ. அளவில் வர வேண்டும். ஐந்தாறு கிலோமீட்டருக்கு மேல் விலகினால் முதலில் கால்குலேட்டர் பாகை முறையில் இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு தசமமாக்கிய எண்களை மறுபடி சரிபாருங்கள்.